ஆண் சிங்கம் உட்கார்ந்து தின்கிறதா?

தாராபுரத்தான்:
போன வாரம் எங்க ஊர்ல ஒரு காதுகுத்துங்க. மண்டப வாசல் பிளெக்ஸ்ல பிடரி சிலுப்பின ஒரு சிங்கம், கீழே "சிங்கம் தனியாத்தான் நடக்கும்"னு எழுத்து. பார்த்ததுல இருந்து மனசு ஆறல. பெரிய பூனைகள்ல ஆண், பெண், குட்டின்னு கூட்டுக் குடும்பமா இருக்கறது சிங்கம் மட்டும்தான். அதைப் போய்த் தனியாளுங்கறாங்க.

அந்தக் குடும்பமும் ஆணோடது இல்லீங்க. பாட்டி, அம்மா, பெரியம்மா, சித்தி, அக்கா, தங்கச்சி, இவங்கதான் கூட்டம். பெண்குட்டி பெரும்பாலும் பொறந்த ஊட்டுலயே தங்கிக்கும். ஆண்குட்டிதான் ரெண்டு மூணு வயசுல வெளிய போகணும். நம்ம வழக்கத்துக்கு நேர் எதிர். வேட்டைக்குப் போறது பெண், பால் குடுக்கறது பெண். இரை விழுந்ததும் எல்லாரையும் தள்ளிட்டு முன்னால வந்து உக்கார்றது ஆண். ஆண் சிங்கம் உக்காந்து தின்னற விருந்தாளி. இதுதான் என் கட்சி.

பொலிகாளை:
ஏனுங்ணா, முதல் பாதிக்கு நான் ஒத்துக்கறேன். விருந்தாளிங்கறதுக்கு ஒத்துக்கவே மாட்டேனுங்க.

எங்களுது காங்கேயம் பக்கம். கொறங்காட்டுல செம்மறிப் பட்டி போட்டிருக்கோம். பகல்ல வந்து பார்த்தா எங்க பட்டி நாய் கிளுவ வேலியோரம் தூங்கிட்டுத்தான் கிடக்கும். அதை வெச்சு அது தண்டச்சோறுன்னு சொல்ல முடியுங்களா? தெருநாய்க் கூட்டம் ராத்திரி பட்டிக்குள்ள பூந்து, விடிஞ்சு பார்த்தா ஆடெல்லாம் கழுத்து கிழிஞ்சு கிடந்ததை எங்க பக்கம் பார்க்காத சனமே இல்லைங்க.

சிங்கத்துலயும் அதே கதைதான். வெளியாண்க வந்து பழைய ஆணை விரட்டிட்டா முதல்ல செய்யறது கைக்குட்டிகளைக் கொல்றது. குட்டி போயிட்டா தாய் சீக்கிரம் மறுபடி பருவத்துக்கு வரும். குட்டி இருந்தா ஒன்றரை, ரெண்டு வருசம் காத்திருக்கணும். ஆப்பிரிக்காவுல தான்சானியா நாட்டு செரங்கெட்டிப் புல்வெளியில 1966ல இருந்து சிங்கங்களைத் தொடர்ந்து கவனிச்சுட்டு வர்றாங்க. அங்க முதல் வருசத்துல சாகற குட்டிகள்ல ஏறத்தாழ நாலுல ஒண்ணு இப்படித்தான் சாகுது. கூட்டத்து ஆண் ராத்திரியெல்லாம் எல்லை சுத்தி கர்ச்சிக்கறாரே, அது சும்மா இல்லைங்க.

தாராபுரத்தான்:
தம்பி, அந்தக் குட்டியைக் கொல்ல வர்றது யாரு? இன்னொரு ஆண்தானே. ஆணால வர்ற ஆபத்துக்கு ஆணே காவல்னா அதுல என்ன பெருமை இருக்குது?

பெண்களும் சும்மா விடறதில்லை. பதிவு பண்ணின கர்ச்சனையை ஒலிபெருக்கியில போட்டு செரங்கெட்டியில ஒரு சோதனை நடத்தி 1994ல எழுதினாங்க. அன்னியப் பெண் ஒண்ணு கர்ச்சிச்சா, கூட்டத்துப் பெண்க கிளம்பி நேரா சத்தம் வந்த பக்கம் போகுதுக. மூணு குரல் சேர்ந்து கேட்டா நிதானிக்குதுக. 'நம்ம எத்தனை பேரு, அவங்க எத்தனை பேரு'ன்னு எண்ணிப் பார்த்து எல்லைய காக்கறவங்க அவங்க.

கோபி டீச்சர்:
வேட்டைக்குப் போறது பெண்ணுன்னதை ரெண்டு பேரும் அப்படியே விட்டுட்டீங்க. பெண் மட்டும்தான் வேட்டையாடும்னு நானும் வகுப்புல வருஷக்கணக்கா சொல்லிக் கொடுத்திருக்கேன். தப்பு. தென்னாப்பிரிக்காவுல க்ரூகர் காட்டுல செடிகொடி எவ்வளவு அடர்த்தின்னு லேசர் வெச்சு அளந்து, சிங்கங்க இரை அடிச்ச இடங்களோட பொருத்திப் பார்த்தாங்க. 2013ல வந்த ஆய்வு. ஆண் சிங்கம் அடர்ந்த புதர்ல பதுங்கியிருந்து அடிக்குது. வெட்டவெளியில சேர்ந்து வளைக்கற பெண்களோட வேட்டை நம்ம கண்ணுல பட்டுது, புதருக்குள்ள நடந்தது படல. அவ்வளவுதான்.

இன்னொண்ணு. ஆண்களும் தனியா இல்லை. நாலு பேரோ அதுக்கு மேலயோ சேர்ந்த கூட்டணின்னா எல்லாம் கூடப் பொறந்ததும் பங்காளிகளும்தான். ரெண்டு மூணு பேர்னா வழியில சேர்ந்த அன்னியரும் இருப்பாங்க. ஒத்தை ஆணால ஒரு கூட்டத்தைப் பிடிச்சு வெச்சுக்கறது ரொம்பக் கஷ்டம். அந்த பிளெக்ஸ் எப்படிப் பார்த்தாலும் பொய்தான்.

பெண்களைப் பத்தி எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயத்தையும் சொல்லிடறேன். ஒரே சமயத்துல குட்டி போட்ட தாய்க எல்லாக் குட்டிகளையும் ஒண்ணாச் சேர்த்து வளர்க்கும். தாய் அசந்து தூங்கறப்ப அடுத்தவ குட்டியும் வந்து பால் குடிக்கும். அவங்களுக்குள்ள பெரியவ, சின்னவங்கற அதிகாரமும் கிடையாது. ஓநாய்க் கூட்டம் மாதிரி ஒருத்தி மட்டும் குட்டி போடறதில்லை, எல்லாரும் போடறாங்க.

சத்தி காட்டுவழி:
எல்லாரும் ஆப்பிரிக்காவையே பேசறீங்க. நம்ம நாட்டுச் சிங்கம் குஜராத்துல கிர் காட்டுலயும் சுத்துப்பட்டுலயும் இருக்குதுங்களே. 2020ல 674, 2025 கணக்குல 891. அங்க ஆண் ஒரு பக்கம், பெண் ஒரு பக்கம்தான் வாழ்க்கை. இணை சேரறப்பவும் பெரிய இரை விழறப்பவும்தான் பெரும்பாலும் ஒண்ணாகும். முக்கிய இரை புள்ளிமான். ஒரு மானை அஞ்சாறு பேர் எப்படிப் பங்கு போடறது? அதனால பெண் கூட்டமும் சின்னது.

முக்கியமானது என்னன்னா, அங்க ஒரு பெண் தன் எல்லையில திரியற, ஒண்ணுக்கொண்ணு பகையான ஆண் கூட்டணிகளோடயும் சேரும். குட்டி யாருதுன்னு எந்த ஆணுக்கும் தெரியாது. தன்னதா இருக்கலாம்னு எவனும் கை வைக்கறதில்லை. 2019ல இதை ஆராய்ச்சியாளருங்க எழுதினாங்க.

தாராபுரத்தான்:
இதைத்தானுங்க நான் தேடிட்டு இருந்தேன்! கிர்ல குட்டியைக் காப்பாத்தறது ஆணோட பல்லா, பெண்ணோட புத்தியா? பொலிகாளை, இதுக்குப் பதில் சொல்லுங்க.

பொலிகாளை:
கிர்ல பெண்ணோட புத்திதானுங்ணா. அதை மறுக்கல. வேட்டை விஷயத்துல டீச்சரக்கா சொன்னதும் எனக்குப் புதுசு.

ஆனா செரங்கெட்டியில ஒரு கணக்கு இருக்குது. ஒரு ஆண் கூட்டணி ஒரு கூட்டத்தோட தங்கறது பெரும்பாலும் ரெண்டு மூணு வருசம். குட்டி தன் கால்ல நிக்கறதுக்கும் ரெண்டு வருசம் ஆகுது. ஒரு ஈத்துக் குட்டி ஆளாகற வரைக்குந்தான் அதுக்குத் தாக்குப்பிடிக்க முடியுது. அப்பறம் இளசுக வந்து விரட்டிடும். உடம்பெல்லாம் தழும்போட, திரும்பி வர ஊடு இல்லாம வெளிய போகுதுங்ணா. அதை விருந்தாளின்னு சொல்ல எனக்கு வாய் வரல.