பிஎச்டிக்கு விண்ணப்பித்த திருகோணமலைக் கலைத்துறைக்காரர் அனுபவங்கள்

உப்புவெளியிலிருந்து:

பொறியியல் படித்தவனுக்கு வெளிநாட்டு வழி சொல்ல தெருவுக்கு ஒருவர் இருக்கிறார். தமிழ், வரலாறு, மெய்யியல் படித்தவன் கேட்டால், "அதைப் படிச்சு என்ன செய்யப் போறாய்?" என்பதுதான் பதில். இங்கே கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கம்பஸ் இருந்தும், அதன் கலைப்பீடம் மட்டக்களப்புப் பக்கம் வந்தாறுமூலையில்தான். அதனால் நம்மில் பலர் அங்கோ, யாழ்ப்பாணமோ, பேராதனையோ போய்ப் படித்துவிட்டு வந்தவர்கள். ஊரில் கலந்து பேச ஆள் குறைவு. அதற்காகவே எழுதுகிறேன்.

நான் விண்ணப்பித்தது அமெரிக்காவுக்கு. அங்கே நம் நான்கு வருடச் சிறப்புப் பட்டத்தோடு நேராகவே பிஎச்டிக்குப் போடலாம், எம்ஏ கட்டாயமில்லை. முதல் இரண்டு வருடம் பாடங்கள், பிறகு தகுதித் தேர்வு, அப்புறம்தான் ஆய்வேடு. மொத்தம் ஐந்து, ஆறு வருடம் என்பார்கள், இழுபட்டால் இன்னும் கூடும். நல்ல இடங்களில் கட்டணத்தையும் தள்ளிவிட்டு மாதப்படியும் தருவார்கள். அதனாலேயே இடங்கள் சொற்பம்.

என் தலைப்பு 'மோகனாங்கி'. தி. த. சரவணமுத்துப்பிள்ளை நம்மூர்க்காரர். 1895இல் வந்த அவரது நூலைத் தமிழின் முதல் வரலாற்று நாவல் என்பார்கள். தலைப்பின் வாலில் 'ஓர் ஆய்வு' என்று ஒட்டிவிட்டால் முடிந்தது என்பது நம் கம்பஸ் வழக்கம். ஆனால் சூம் நேர்காணலில் ஒரு பேராசிரியர் அமைதியாகக் கேட்டார்: "இந்த நாவலைப் பற்றி உங்களுக்கே விடை தெரியாத கேள்வி ஒன்றைச் சொல்லுங்கள்."

அந்த நாவலின் கதை, நாயக்கர் காலம், ஆசிரியர் வரலாறு எல்லாம் தயாராக வைத்திருந்தேன். அவருக்கு அது ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. சிறிது யோசித்துவிட்டு, "திருகோணமலையில் எல்லோரும் 'முதல் வரலாற்று நாவல்' என்று பெருமைப்படுவதோடு நிறுத்திவிடுகிறோம். அந்தக் காலத்தில் சென்னையில் அச்சான புத்தகம் இங்கே யார் கைக்கு வந்தது, யார் காசு கொடுத்து வாங்கினார்கள் என்று எனக்குத் தெரியாது" என்றேன். மிச்ச நேரம் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. சந்தா விபரங்களை எங்கே தேடலாம், கப்பல் போக்குவரத்துப் பதிவுகள் உதவுமா என்று அவரே கேட்டுக்கொண்டு போனார். இடம் கிடைத்ததற்கு அந்தப் பேச்சுத்தான் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன்.

சிபாரிசுக் கடிதம் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். பொதுவாக மூன்று கேட்பார்கள். நம் விரிவுரையாளர்களில் சிலர் "இவர் நற்பண்புள்ளவர், நேரம் தவறாதவர், சக மாணவருடன் இணக்கமாகப் பழகுபவர்" என்று கிராம சேவையாளர் தரும் நற்சான்றிதழ் போல எழுதிவிடுவார்கள். அவர்களில் பிழை இல்லை, இங்கே கடிதம் என்றால் அதுதான். ஆகவே விரிவுரையாளரிடம் போகும்போது ஒரு பக்கத் தாள் கொண்டுபோங்கள்: உங்கள் ஆய்வுக் கட்டுரையில் என்ன வாதம் வைத்தீர்கள், அதற்கு அவர் வகுப்பில் என்ன சொன்னார், இப்போது என்ன செய்யப் போகிறீர்கள். அதைப் பார்த்து எழுதினால் கடிதத்துக்கு உயிர் வந்துவிடும். கடிதம் ஏற்றும் லிங்க் அவருடைய ஸ்பாமுக்குள் போயிருக்கும், போன் எடுத்துச் சொல்லுங்கள்.

கடைசித் திகதிகள் பெரும்பாலும் திசம்பரில். இங்கே அது மாரி, கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. அமெரிக்கக் கிழக்குக் கரை நேரம் இரவு 11.59 என்றால் நமக்கு மறுநாள் காலை 10.29. அந்தக் காலையை நம்பி இருக்கவேண்டாம்.

கிண்ணியாவிலிருந்து:

அண்ணா, நான் போட்டது இங்கிலாந்துக்கு. அங்கே முறை வேறு. முதலில் மேற்பார்வையாளரைத் தேடிப் பிடிக்கவேண்டும், ஆய்வு முன்மொழிவு கையில் இருக்கவேண்டும், மூன்று நான்கு வருடத்தில் முடிக்கவேண்டும். எங்கள் பக்கத்துப் பெண்களின் தாலாட்டும் கல்யாணப் பாட்டும்தான் என் விஷயம். ஈமெயில் போட்ட பலர் பதிலே தரவில்லை. ஒரு மேடம் மட்டும் இரண்டு வரி எழுதினார்: "இதில் மூன்று பிஎச்டி இருக்கிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் எடுத்துவிடுங்கள்." கோபம் வந்தது. ஆனால் தாலாட்டை மட்டும் வைத்து எழுதிப் பார்த்தபோது சொல்ல வந்தது தெளிவாகிவிட்டது.

அனுமதி கிடைத்தது, காசு கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் இரண்டும் வேறு வேறு. அனுமதிக் கடிதம் வந்த அன்றே உம்மா அக்கம்பக்கம் முழுக்க இனிப்புக் கொடுத்துவிட்டா. வெளிநாட்டு மாணவர் கட்டணத்தைக் கேட்டதும் வாப்பா, "வளவை வித்தாலும் காணாதே, மகள்" என்றார். வேண்டாம் என்று எழுதிவிட்டேன். சொந்தக் காசில் மனிதப் பண்பியல் பிஎச்டி செய்யாதீர்கள் என்பது என் கருத்து. யாரும் கோபிக்கவேண்டாம்.

மூதூரிலிருந்து:

வெளிநாடு மட்டுமா பிஎச்டி? நான் பாடசாலையில் படிப்பிக்கிறேன், பிள்ளைகள் இரண்டு. உள்ளூரில் முதுதத்துவமாணிக்கு (எம்ஃபில்) பதிந்திருக்கிறேன். பல இடங்களில் இப்படிப் பதிந்து, வேலை முன்னேறியதும் கலாநிதிக்கு (பிஎச்டி) உயர்த்தலாம். இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் முதுதத்துவமாணி 11ஆம் மட்டம், கலாநிதி 12ஆம் மட்டம். மேற்பார்வையாளர் அன்பானவர், ஆனால் ஒரு அத்தியாயம் கொடுத்தால் திரும்பி வர ஒரு தவணை போய்விடும். ஆவணக் காப்பகம் கொழும்பு 7இல். லீவு போட்டு இரவு ரயிலில் போய், சுவடிக்கட்டு வரும்வரை காத்திருந்து, பின்னேரம் மூடும்வரை குறிப்பெடுத்துவிட்டு அன்றிரவே திரும்புவேன். பழைய தமிழ்ச் சஞ்சிகைகளுக்கு நூலகம் இணையத்தளம் பெரிய கொடை. அது இல்லாவிட்டால் என்னைப் போன்ற ஆசிரியர் ஆய்வை நினைத்தும் பார்க்க முடியாது.

நிலாவெளியிலிருந்து:

அண்ணா, அமெரிக்காவுக்கு ஜிஆர்ஈ நுழைவுத் தேர்வு எழுதவேண்டுமா? விண்ணப்பக் கட்டணத்தை எப்படிச் சமாளித்தீர்கள்?

உப்புவெளியிலிருந்து:

தங்கச்சி, கலைத்துறைப் பிரிவுகள் பலவற்றில் இப்போது ஜிஆர்ஈ கேட்பதில்லை. ஆனால் பிரிவுக்குப் பிரிவு மாறும், அந்தந்தப் பக்கத்தில் பாருங்கள். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வுப் பெறுபேறு இரண்டு வருடத்துக்குத்தான் செல்லும், அவசரப்பட்டு எழுதாதீர்கள். கட்டணம் ஒரு இடத்துக்கே 75, 100 டொலர் என்று போகும். கட்டும் முன் அனுமதி அலுவலகத்துக்குத் தள்ளுபடி கேட்டு எழுதுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. சில இடங்கள் உடனே தந்தன, சில இடங்கள் வெளிநாட்டு மாணவருக்கு இல்லை என்றன. அந்த இரண்டாவது வகையில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டேன். உதவித்தொகையோடு இடம் வந்தால், இதற்கென அமெரிக்காவில் உள்ள பொது உடன்பாட்டில் சேர்ந்த பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை யோசிக்க விடும். அதற்கு முன் யாராவது நெருக்கினால் பயப்படாமல் திகதியைச் சொல்லிக் கேளுங்கள். முன்மொழிவு எழுதியாகிவிட்டதா? இருந்தால் அனுப்புங்கள், 'ஓர் ஆய்வு' இருந்தால் முதலில் அதை வெட்டிவிட்டு அனுப்புங்கள்.