வளையம் உடைந்தும் எடை குறையாத கதை

கரிமவேதி:
மாஸ் ஸ்பெக்ட்ரத்தில் (மூலக்கூறை அயனியாக்கி உடைத்து, துண்டுகளை எடைவாரியாகப் பீக்குகளாகக் காட்டும் படம்) வளையச் சேர்மங்களோடு மல்லுக்கட்டியவர்கள், உங்களைத் திணறடித்த பீக் எது என்று எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

எனக்கு சைக்ளோஹெக்சேன்தான். வளையமில்லாத சாதாரண ஹெக்சேனை 70 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எலக்ட்ரான்களால் அடித்தால், ஒரு பிணைப்பு அறுந்ததுமே துண்டு கழன்று 57, 43 என்று வந்து நிற்கும். சைக்ளோஹெக்சேனில் ஒரு பிணைப்பு அறுந்தாலும் வளையம் திறந்து நீளுமே தவிர ஓர் அணுகூட வெளியே போகாது, ஆகவே கருவியைப் பொறுத்தவரை அது இன்னும் 84தான், உடைந்ததா இல்லையா என்று எடையை வைத்துச் சொல்லவே முடியாது. இரண்டாவது பிணைப்பும் விட்ட பிறகுதான் எத்திலீன் போய் 56 வரும். அதுதான் அங்கே பேஸ் பீக், அதாவது மிக உயரமான பீக். ஹெக்சேனின் முழு மூலக்கூறு பீக்கான 86 குட்டையாகவும் இதன் 84 நல்ல உயரமாகவும் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நைட்ரஜன் இல்லாத சேர்மத்தில் இரட்டைப்படை எண்ணில் பெரிய துண்டு தெரிந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான்: ஒன்றுக்கு மேல் பிணைப்பு போயிருக்கிறது, அல்லது ஒரு ஹைட்ரஜன் இடம் மாறியிருக்கிறது.

வாசனை_லேப்:
எங்கள் பக்கம் ஆல்ஃபா அயனோன், பீட்டா அயனோன் என்ற வாசனைச் சேர்மங்கள். இரண்டின் மூலக்கூறு எடையும் 192. வளையத்தில் இரட்டைப் பிணைப்பு எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் வித்தியாசம், ஆனால் ஸ்பெக்ட்ரம் இரண்டும் ஒட்டவே ஒட்டாது. பீட்டாவில் மீத்தைல் போய் 177 ஓங்கி நிற்கும். ஆல்ஃபாவில் ரெட்ரோ டீல்ஸ்-ஆல்டர் (இரட்டைப் பிணைப்புள்ள ஆறணு வளையம் இரண்டு துண்டாகப் பிரிவது) நடந்து ஐசோபியூட்டீன், அதாவது 56, கழன்று 136 வரும், அதிலிருந்து மீத்தைலும் போனால் 121. லிமோனீன் இன்னும் அழகு, 136 சரிபாதியாகப் பிளந்து 68. ஆனால் இதே 136 எடையுள்ள மற்ற டெர்பீன்களில் (லிமோனீன் குடும்பத்து வாசனைச் சேர்மங்கள்) இந்த வசதி கிடைக்காது சார், அவற்றில் பல 93ஐத்தான் உயரமாகக் காட்டும். லைப்ரரி (தெரிந்த ஸ்பெக்ட்ரங்களின் தொகுப்பு) சொல்லும் முதல் பெயரை அப்படியே ரிப்போர்ட்டில் எழுதிவிடாதீர்கள், ரிடென்ஷன் இண்டெக்ஸையும் (குரோமடோகிராஃபி நிரலிலிருந்து சேர்மம் எப்போது வெளிவருகிறது என்பதைக் குறிக்கும் எண்) பாருங்கள்.

பீக்வேட்டை:
ரெட்ரோ டீல்ஸ்-ஆல்டர் என்றதும் எல்லாரும் சைக்ளோஹெக்சீனைத்தான் உதாரணம் காட்டுவார்கள், 82இலிருந்து எத்திலீன் போய் 54. சரி, வருகிறது. ஆனால் அங்கே உயரமான பீக் 67! 15 போயிருக்கிறது, அதாவது மீத்தைல். அந்த மூலக்கூறில் மீத்தைலே கிடையாது! கரிமவேதி சொன்ன மாதிரி எடை மாறாமல் வளையம் திறந்து, ஹைட்ரஜன்கள் உள்ளுக்குள்ளேயே இடம் மாறி, ஒரு மீத்தைலை உண்டாக்கி அப்புறம் அதை விடுகிறது. ஆக, 15 போனதைப் பார்த்ததும் மீத்தைல் தொங்குகிறது என்று கட்டமைப்பு வரைய ஆரம்பித்தால் அவ்வளவுதான்.

28 குறைவதும் இதே ரகம். ஆந்த்ரகுவினோனில் 208, 180, 152 என்று இரண்டு முறை 28 இறங்கும், இரண்டுமே கார்பன் மோனாக்சைடு. டெட்ராலினில் 132இலிருந்து 104க்கு இறங்குவதும் 28தான், ஆனால் அது எத்திலீன். எடையை முழு எண்ணாக மட்டும் காட்டும் குவாட்ருபோல் வகைக் கருவியில் இரண்டும் ஒன்றுதான். ஹை ரெசல்யூஷன் கருவியில் 27.995, 28.031 என்று பிரிந்துவிடும், நேரம் கிடைத்தால் அதில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.