மழைக்காட்டு மக்களிடையே நீரிழிவு: பழக்கமா, வறுமையா?

ஈசூன் வாசகர்:
சென்ற மாதம் தொண்டூழியராக மலேசியாவின் பகாங் மாநிலத்தில் ஒராங் அஸ்லி பழங்குடியினரின் கிராமம் ஒன்றுக்குச் சென்றிருந்தேன். அங்கிருந்த ஒரே கடையில் இன்ஸ்டன்ட் மீ பொட்டலங்களும் கெட்டிப்பால் டின்களும் சீனியும் அடுக்கப்பட்டிருந்தன. கீரையோ மீனோ கண்ணில் படவில்லை. காட்டுக்கிழங்கும் ஆற்றுமீனும் உண்டு வாழ்ந்தவர்களிடையே நீரிழிவு பரவுவதற்கு உணவுப் பழக்கம் மட்டும்தான் காரணமா?

உட்லண்ட்ஸ் வாசகர்:
பழக்கம் என்று சொன்னால் பழி உண்பவர் மீது விழுந்துவிடும் என்பதால் அதை நான் ஏற்கமாட்டேன். காடு செம்பனைத் தோட்டமாகும்போது வேட்டை நிலமும் கிழங்கு தோண்டும் இடமும் பறிபோகின்றன, ஆறும் கலங்குகிறது. பிறகு கையில் வரும் சொற்பக் கூலிக்கு, குளிர்பெட்டி இல்லாத வீட்டில், மலிவாகவும் கெடாமலும் இருப்பவை வெள்ளை அரிசியும் சீனியும் எண்ணெயும்தான்.

தெம்பனிஸ் வாசகர்:
பொலிவியாவின் மழைக்காட்டில் வாழும் சிமானே பழங்குடி மக்களைப் பற்றி 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வையும் பாருங்கள். அது நீரிழிவைப் பற்றியதன்று, இதயநோயைப் பற்றியது; ஆனாலும் உணவு பற்றிய நம் கேள்விக்கு உதவும். பரிசோதிக்கப்பட்ட 705 பேரில் 85 விழுக்காட்டினருக்கு இதயத் தமனிகளில், இதயநோயின் அடையாளமான சுண்ணாம்புப் படிவே இல்லை. இத்தனைக்கும் அவர்கள் அரிசி, வாழைக்காய், மரவள்ளி என்று மாவுச்சத்தைத்தான் நிறைய உண்கிறார்கள். ஆனால் பகலின் பெரும்பகுதி உழைப்பில் கழிகிறது. (நம் வீடுகளில் சோற்றை மட்டும் குற்றவாளியாக்குவது நினைவுக்கு வருகிறது.) அதற்காக அவர்களின் வாழ்வைப் புனிதமாக்கவும் வேண்டாம், தொற்றுநோய்கள் அங்கே மிகுதி.

ஈசூன் வாசகர்:
இருவருக்கும் நன்றி. அடுத்த பயணத்துக்கு எங்கள் குழு பிஸ்கட் பெட்டிகளைத் திரட்டிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்திவிட்டு, எது தேவை என்று முதலில் கிராமத் தலைவரான தோக் பாத்தினிடம் கேட்கச் சொல்லப்போகிறேன்.