ஓடவும் ரயிலில் கேட்கவும் ஒரே இயர்போன் போதுமா?

மேல்பெர்த்:
எல்லாருக்கும் வணக்கம். வாரத்தில் நான்கு நாள் காலை ஐந்தரைக்குப் பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டி ஓடுகிறேன். மாதம் இருமுறை எழும்பூரிலிருந்து மதுரைக்கு இரவு ரயில், அம்மாவைப் பார்க்க. இந்த இரண்டு நேரத்தில்தான் பாட்டு கேட்கவே முடிகிறது. வீட்டில் இரண்டு வாண்டுகள், சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை மூன்று வயர்லெஸ் இயர்பட்ஸ் வாங்கிவிட்டேன். முதலாவது ஏழே மாதத்தில் இடது பக்கம் சார்ஜ் ஏறாமல் நின்றது. சர்வீஸ் சென்டரில் ‘ஈரம் போயிருக்கு, வாரன்டி கிடையாது’ என்றார்கள். பெட்டியில் வேர்வை தாங்கும் என்று போட்டிருக்கிறதே என்றேன். அந்தப் பெண் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டோக்கன் 47 என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். இரண்டாவதில் ஒரு பட் மேல் பெர்த்திலிருந்து விழுந்தது. விழுப்புரம் தாண்டி நடுராத்திரியில் போன் டார்ச்சோடு, கீழ் பெர்த் தாத்தாவின் செருப்பு வரைக்கும் தேடியும் கிடைக்கவில்லை. மூன்றாவது உயிரோடு இருக்கிறது, ஆனால் மிருதங்கம் தகர டப்பா மாதிரி கேட்கிறது. கனத்த நாதம் தரும் இடது பக்கம், தொப்பி, இருப்பதே தெரியவில்லை.

பட்ஜெட் எட்டாயிரம். ஆண்ட்ராய்டு போன், வயர் சொருகும் 3.5 மிமீ ஓட்டை இல்லை. கச்சேரிப் பதிவுகளை, தரம் குறையாமல் சுருக்கும் ஃபிளாக் ஃபைல்களாக வைத்திருக்கிறேன். ‘எல்டேக் இருக்கிறதா என்று பார்த்து வாங்கு’ என்கிறான் ஆபீஸ் நண்பன். இரண்டுக்கும் சேர்த்து ஒன்றே வாங்கலாமா?

ஈயப்பற்று:
வேண்டாம் சார், இரண்டாக வாங்குங்கள். நான் மொபைல் ரிப்பேர் பார்ப்பவன், வேர்வையில் செத்த பட்ஸ் மாதம் ஏழெட்டாவது என் மேஜைக்கு வரும். ஐபிஎக்ஸ் என்று போட்டிருப்பது தண்ணீர் தாங்கும் அளவு. ஐபிஎக்ஸ்4 என்றால் எந்தப் பக்கமிருந்து தண்ணீர் தெறித்தாலும் தாங்கும். ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். சோதனை இரண்டுமே நல்ல தண்ணீரில்தான். வேர்வையில் உப்பு இருக்கிறது, நீங்களோ அதோடு கடல்காற்றிலும் ஓடுகிறீர்கள். பட்டின் அடியில் இருக்கும் குட்டி உலோகப் புள்ளிகள் வழியாகத்தான் சார்ஜ் ஏறும். ஈரத்தோடு கேஸில் போட்டு மூடினால் உப்புக்குள் கரண்ட் ஓடி, பூச்சு அரித்து, பச்சை பூத்துவிடும். முக்கால்வாசிப் பேர் செய்யும் தவறு இதுதான். துடைத்து, அரை மணி நேரம் காற்றாட விட்டு, அப்புறம் கேஸில் வையுங்கள்.

முதல் ஜோடியைத் தூக்கிப் போடவில்லையே? ஐசோப்ரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் லேசாகத் தொட்டு அந்தப் புள்ளிகளைத் தேய்த்துப் பாருங்கள். பேட்டரி போயிருக்காவிட்டால் எழுந்து உட்காரும். மூன்றாவதில் சத்தம் வெளியே வரும் குட்டி வலையைப் பாருங்கள், காதழுக்கு அடைத்திருக்கும். சொல்லக் கூச்சமாக இருக்கிறது, எல்லார் காதும் அப்படித்தான்.

தனியாவர்த்தனம்:
எல்டேக்கைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். ப்ளூடூத்தில் பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை அது, சோனி கொண்டுவந்தது, உச்சத்தில் நொடிக்கு 990 கிலோபிட். சிடியின் கணக்கு 1411. காகிதத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எழும்பூர் பிளாட்பாரத்தில் ஆயிரம் போன் ப்ளூடூத்தும் வைஃபையும் அடித்துக்கொண்டிருக்க, அது 330க்கு இறங்கிவிடும். 990லேயே நிற்க வைத்தால் பாட்டு விட்டுவிட்டு வரும். ட்ரெட்மில் சத்தத்தில் அந்த வித்தியாசம் எனக்குக் கேட்டதில்லை. கேட்கிறது என்பவர்களோடு நான் சண்டைக்கு வரவில்லை.

உங்கள் தொப்பி காணாமல் போனதற்குக் காரணம் வேறாக இருக்கலாம். வலையைச் சுத்தம் செய்த பிறகு ஒரு சோதனை: மூன்றாவது ஜோடியைப் போட்டு, ஒரு தனி (தாளவாத்தியம் மட்டும் வாசிக்கும் பகுதி) ஓடும்போது இரண்டு பட்டையும் விரலால் மெதுவாக உள்ளே அழுத்துங்கள். கும்கி, அதாவது தொப்பியின் அந்தக் கனத்த நாதம், திடீரென்று வந்துவிட்டால் இயர்போனில் குற்றமில்லை, காதுக்குள் போகும் ரப்பர் டிப் சரியான அளவில்லை. காதுக்கும் டிப்புக்கும் நடுவே சின்ன இடைவெளி இருந்தாலும் முதலில் ஓடிப்போவது பேஸ், அந்தக் கனத்த ஒலிதான். பெட்டியோடு வந்த பெரிய, சின்ன டிப்பை யாரும் போட்டுப் பார்ப்பதே இல்லை. என் வலது காதுக்கு நடுத்தரம், இடதுக்குப் பெரியது. எட்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது!

ரயிலுக்கு வயர் உள்ள ஐஇஎம் (காதுக்குள் பொருந்தும் இயர்போன்) போதும். நான் வைத்திருப்பது மூன்ட்ராப் சூ 2. ஒலி எழுப்பும் டைனமிக் டிரைவர் ஒன்றே ஒன்று, மின்தடை 18 ஓம்தான், அதனால் சத்தத்தைக் கூட்டத் தனி ஆம்ப் எதுவும் தேவையில்லை. வயர் கழன்று வரும், அறுந்தால் வயரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதோடு, போனின் சார்ஜ் ஓட்டையில் சொருகி இந்த வயரை மாட்ட ஒரு டைப்-சி டாங்கிள். ஆப்பிளின் டாங்கிள் நன்றாக இருக்கும், ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் சத்தம் குறைவாக வரும், கடையிலேயே சொருகிப் பார்த்து வாங்குங்கள். ரப்பருக்குப் பதில் பஞ்சு மாதிரி அமுங்கும் ஃபோம் டிப் போட்டால் ரயில் பெட்டி உறுமுவது பாதி அடங்கும். உலகச் சுகாதார நிறுவனம் சொல்வது 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். 3 டெசிபல் ஏற்றினால் நேரம் பாதியாகிவிடும். வெளிச்சத்தம் உள்ளே வராவிட்டால் சத்தத்தை ஏற்றும் ஆசையும் வராது.

அடையாறு_பத்துகிமீ:
அண்ணா, ஃபோம் டிப்போடு தயவுசெய்து ரோட்டில் ஓடாதீர்கள். காதை இறுக்கி அடைத்தால் ஒவ்வொரு அடியும் மண்டைக்குள் திம் திம் என்று கேட்கும், பின்னால் வரும் பால் வண்டி கேட்காது. போன வருடம் திருவான்மியூரில் ஒரு பைக் என் முழங்கையை உரசிக்கொண்டு போன பிறகு, காதைத் திறந்து வைத்து, கன்ன எலும்பு வழியாக ஒலியை அனுப்பும் எலும்பு வழி ஹெட்போனுக்கு மாறிவிட்டேன். பேஸ் சுமார்தான், மிருதங்கத்துக்கு ஆகவே ஆகாது. ஓடும்போது நான் பேச்சு நிகழ்ச்சிதான் கேட்கிறேன். அண்ணாவும் கச்சேரியை ரயிலுக்கு வைத்துக்கொள்ளுங்களேன்?

மேல்பெர்த்:
வலையில் இருந்ததைப் பற்றி எழுதப் போவதில்லை. சுத்தம் செய்தும் தகர டப்பாதான். விரலால் அழுத்தினேன், தொப்பி வந்துவிட்டது! பெரிய டிப் மனைவியின் ஊசிப் பெட்டியில் கிடந்தது. ஆல்கஹால் வைத்தியத்தில் முதல் ஜோடி எழுந்திருக்கவில்லை, பேட்டரி போலிருக்கிறது.

ஐஇஎம், டாங்கிள், ஃபோம் டிப் மூன்றும் வாங்கியாயிற்று, எட்டாயிரத்தில் பாதி கூட ஆகவில்லை. எலும்பு வழி ஹெட்போன் அடுத்த மாதம். நேற்று ரயிலில் தனி தொடங்கும் முன்பே தூங்கிவிட்டேன். திண்டுக்கல்லில் முழித்தபோது வயர் கழுத்தைச் சுற்றிக் கிடந்தது. ஆனால் இரண்டு பக்கமும் என்னிடம்தான் இருந்தன.