நாடகத்துக்கு எம்பி3 போதுமா, எல்லாவற்றையும் வேவ் ஆக்கணுமா? மேடையில் குரலே வரவில்லை

காசிமேட்டுப் பொண்ணு:

வணக்கம். காசிமேடு, ராயபுரம் பக்கத்துப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு நாடகம் போடுகிறோம். கடலுக்குப் போன மகன் திரும்பி வராத ஒரு வீட்டின் கதை. ஒலி முழுக்க என் பொறுப்பு. அலை, விசைப்படகு எஞ்சின், புயல், ஒப்பாரி, அப்புறம் மேடைக்கு வெளியிலிருந்து கேட்கும் அம்மாவின் குரல் என்று நிறையக் கோப்புகள். மீன்பிடித் துறைமுகத்தில் நானே போனில் பதிவு செய்தவை எம்4ஏ. சில வாட்ஸ்அப்பில் வந்தவை. மீதி எம்பி3.

பெரம்பூரில் ஒரு அரங்கத்தில் ஒத்திகை பார்த்தபோது இரண்டு தொல்லை. அலைச் சத்தத்தை லூப்பில் ஓடவிட்டால் ஒவ்வொரு சுற்று முடிவிலும் ஒரு சின்ன வெட்டு விழுகிறது. இன்னொன்றுதான் பெரியது. அம்மாவின் குரல் ஸ்பீக்கரில் வரவே இல்லை. அதே கோப்பில் இருக்கும் பின்னணி இசை மட்டும் மெலிந்துபோய்க் கேட்டது. ஹெட்ஃபோனில் கேட்டால் குரல் கணீரென்று இருக்கிறது. லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஒற்றைக் கேபிளில் மிக்சருக்குப் போனது. "எம்பி3 என்றால் இப்படித்தான், வேவ் ஆக்கிக் கொண்டு வாங்க" என்றார்கள். வேவ் என்றால் சுருக்காத ஒலிக்கோப்பாம். அந்தக் குரல் இல்லாவிட்டால் கடைசிக் காட்சியே இல்லை. எதற்கு மாற்றுவது, எப்படி மாற்றுவது, சொல்லுங்கள்.

எண்ணூர்க்காரன்:

எல்லாவற்றையும் 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கிவிடுங்க, எம்பி3-இல் அதுதான் உச்சத் தரம். எங்கேயும் ஓடும், இடமும் அடைக்காது. கோயில் கச்சேரிக்கெல்லாம் நான் அப்படித்தான் கொடுக்கிறேன்.

பழைய வண்ணை மைக்செட்:

தங்கச்சி, முதலில் குரல். அது எம்பி3 செய்த வேலை இல்லை. கேபிளைப் பாருங்கள்.

லேப்டாப்பின் ஹெட்ஃபோன் துளை ஸ்டீரியோ. பிளக்கின் நுனியில் இடது பக்கம், நடு வளையத்தில் வலது பக்கம். அதை அப்படியே மிக்சரின் ஒற்றை பேலன்ஸ்டு உள்ளீட்டில் சொருகினால், மிக்சர் இரண்டையும் கூட்டாது, ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கும். நீளமான கேபிளில் ஏறும் இரைச்சலை நீக்க அது செய்யப்பட்டிருக்கும் விதமே அதுதான். குரல் பெரும்பாலும் நடுவில், இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிவாகியிருக்கும். கழித்தால் பூஜ்யம். இசையில் இரண்டு பக்கமும் கொஞ்சம் வித்தியாசம் இருப்பதால் அந்த மிச்சம் மட்டும் கேட்கும். நீங்கள் சொல்லும் அறிகுறி அச்சு அசல் இதுதான். வேவ் ஆக்கினாலும் இதே கதைதான்.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் 3.5 எம்எம் ஸ்டீரியோவிலிருந்து இரண்டு தனி மோனோ பிளக்காகப் பிரியும் கேபிள் கிடைக்கும். இரண்டையும் மிக்சரில் இரண்டு சேனலில் சொருகுங்கள். லேப்டாப் சார்ஜர் போட்டதும் "ம்ம்ம்" என்று இரைந்தால் நடுவில் ஸ்டீரியோ டிஐ பாக்ஸ் (அந்த இரைச்சலைத் தடுக்கும் சின்னப் பெட்டி) ஒன்று வையுங்கள். அன்றைக்குப் பழைய கேபிள்தான் கிடைத்தது என்றால், குரல் கோப்பை மோனோவாக்கி, இடது பக்கத்தில் மட்டும் ஒலி, வலதில் வெறும் மௌனம் என்று தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கழிக்க எதிர்ப்பக்கம் இல்லாததால் குரல் தப்பித்துவிடும்.

அடுத்து அலை. இங்கே எம்பி3 மேல்தான் குற்றம். எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் (ஒலியை அளந்து வைத்த புள்ளி) கொண்ட துண்டுகளாக்கிச் சுருக்கும். முன்னும் பின்னும் கொஞ்சம் வெற்று மௌனம் ஒட்டிக்கொள்ளும். பாட்டில் அது தெரியாது. ஓயாத அலையில் ஒவ்வொரு சுற்றும் இடறும். 320-இல் வைத்தாலும் போகாது, அதனால் எண்ணூர்த் தம்பி சொன்னது கச்சேரிக்குச் சரி, லூப்புக்கு ஆகாது. எம்4ஏ-விலும் இதே தொல்லை உண்டு.

ஏற்கெனவே எம்பி3 ஆனதை வேவ் ஆக்கினால் அந்த மௌனமும் கூடவே வரும், சுருக்கியபோது போன தரமும் திரும்பாது. நீர்மோரை மறுபடி தயிராக்க முடியாது இல்லையா. அதனால் போனில் இருக்கும் மூலப் பதிவையே எடுங்கள். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருள் இலவசம்தான். விண்டோஸில் எம்4ஏ திறக்க எஃப்எஃப்எம்பெக் என்பதையும் சேர்த்து நிறுவணும். திறந்து, இரண்டு முனையையும் நறுக்கிவிட்டு, மீதியைச் சரிபாதியாக வெட்டுங்கள். பின்பாதியை முன்னால் வைத்து, இரண்டும் சேரும் இடத்தில் 2 வினாடி கிராஸ்ஃபேட் (ஒன்று மெல்லத் தேய, மற்றது மெல்ல ஏறுவது) கொடுங்கள். இப்போது கோப்பின் முடிவும் தொடக்கமும் மூலப் பதிவில் ஒட்டியே இருந்த இடம், அதனால் லூப்பில் தையல் தெரியாது. வேவ், 16 பிட் என்று எக்ஸ்போர்ட் செய்யுங்கள். திரும்ப எம்பி3 ஆக்க வேண்டாம்.

இடத்தைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ வேவ் நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 எம்பி. ஒரு மணி நேர ஒலியே 650 எம்பிக்குள் அடங்கும்.

வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக வந்தது ஓபஸ் என்ற சுருக்கு முறையில் பிழிந்து வந்திருக்கும். அனுப்பியவரிடம் மூலக் கோப்பை டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள், அப்படியே வரும். அந்த அம்மாவின் குரலை மட்டுமாவது இப்படி வாங்கிவிடுங்கள். மற்றதில் விட்டுக்கொடுத்தாலும் இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

காசிமேட்டுப் பொண்ணு:

அண்ணா, கேபிள்தான்! வீட்டுப் பக்கத்தில் ஒரு சவுண்ட் சர்வீஸ்காரரிடம் இரட்டைப் பிளக் வாங்கிப் போட்டதும் குரல் முழுசாக வந்துவிட்டது. ரொம்ப நன்றி. லேப்டாப் கைவிட்டால் என்று மிக்சரின் யூஎஸ்பியில் ஒரு பென்டிரைவும் வைக்க நினைக்கிறேன். அதற்கும் இதே வேவ் போதுமா? ஒப்பாரிக்கு மேடையில் ஹார்மோனியம் கூடவே வாசிக்கிறார்கள். எல்லாக் கோப்பையும் நார்மலைஸ் செய்துவிடலாமா?

பழைய வண்ணை மைக்செட்:

நல்ல யோசனை. பென்டிரைவை ஃபேட்32-இல் ஃபார்மட் செய்யுங்கள், பல மிக்சர்கள் என்டிஎஃப்எஸ் என்ற இன்னொரு ஃபார்மட்டைப் படிக்காது. கோப்புப் பெயர் 01, 02 என்று தொடங்கட்டும். தமிழ் எழுத்து சில திரைகளில் வெறும் கட்டமாகத் தெரியும்.

ஹார்மோனியம் இருப்பதால் சாம்பிள் ரேட்டை (வினாடிக்கு எத்தனை சாம்பிள் என்பது, கிலோஹெர்ட்ஸில்) கட்டாயம் பாருங்கள். 44.1-இல் செய்த கோப்பை மாற்றாமலே 48-இல் ஓட்டும் கருவியில் போட்டால், சுருதி ஏறக்குறைய ஒன்றரை ஸ்வரஸ்தானம் ஏறிவிடும். ஹார்மோனியம் வாசிப்பவர் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. மிக்சர் எதில் ஓடுகிறது என்று அரங்கத்தில் கேட்டு, எல்லாக் கோப்பையும் அதே ரேட்டில் எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

நார்மலைஸ் வேண்டவே வேண்டாம். தனித்தனியாகச் செய்தால் அம்மா முணுமுணுப்பதும் புயலும் ஒரே உயரத்துக்கு வந்து நிற்கும். அரங்கத்தில் கடைசி வரிசையில் ஒருவரை உட்கார வைத்து, ஒவ்வொரு காட்சியாக அளவு பிடியுங்கள். லேப்டாப்பில் ஃபூபார்2000 என்ற பிளேயரைப் போட்டு, "ஸ்டாப் ஆஃப்டர் கரண்ட்" தேர்ந்துவிட்டால் ஒன்று முடிந்ததும் அடுத்தது தானாக ஓடாது. அலை ஓடும்போது மட்டும் அதை எடுத்துவிட்டு "ரிப்பீட் (டிராக்)" போடுங்கள். வைஃபையையும் அறிவிப்புச் சத்தங்களையும் நாடகம் தொடங்குவதற்கு முன்பே அணைத்துவிடுங்கள்.