வாங்கினார்களா, பிடித்தார்களா?

செம்பரிதி:
"ஆப்பிரிக்க மன்னர்கள் அடிமைகளை விற்றார்கள், போர்ச்சுகீசியர் வாங்கினார்கள், அவ்வளவுதான்" என்று நேற்று மணிமாறன் எழுதியதைப் படித்து வயிறு எரிகிறது. 1444 ஆகஸ்ட் 8, லாகோஸ். ஆப்பிரிக்காவிலிருந்து கப்பலில் கொண்டுவந்த 235 பேரை வயலில் நிறுத்திப் பங்கு போட்டார்கள். தாயிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கினார்கள். போர்ச்சுகல் இளவரசர் ஹென்றி குதிரைமேல் அமர்ந்து தம் ஐந்தில் ஒரு பங்காக 46 பேரைப் பெற்றார். இவர்களை விற்ற மன்னன் யார்?

அலைகடல்:
லாகோஸ் நைஜீரியாவில் அல்லவா இருக்கிறது? ஹென்றி அங்கே போகவே இல்லையே.

செம்பரிதி:
இது போர்ச்சுகலின் தென்கரை லாகோஸ். வரைபடத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

அலைகடல்:
கேட்டதற்கு இப்படியா பதில்? கொலம்பஸ் விவாதத்திலும் என்னை இப்படித்தான் அவமதித்தீர்கள். மறக்கவில்லை.

மணிமாறன்:
ஒரே நாளைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். அதன்பின் மொரித்தானியக் கரையை ஒட்டிய ஆர்கின் தீவில் வணிக நிலையம் அமைத்துக் குதிரையும் துணியும் கொடுத்து வாங்கினார்கள். 1482இல் இன்றைய கானாவில் எல்மினா கோட்டை எழுந்தது தங்கத்துக்காக. இருபது ஆண்டுகளாக வாசிக்கிறேன், எனக்குப் பாடம் வேண்டாம்.

செம்பரிதி:
அதே எல்மினாவில், வேறு கரைகளிலிருந்து கொண்டுவந்த அடிமைகளைக் கொடுத்துத்தான் தங்கம் வாங்கினார்கள். இருபது ஆண்டு வாசிப்பில் அது வரவில்லையா? அந்த 235 பேருக்கு வாருங்கள். விடியலில் மொரித்தானியக் கரைத் தீவுகளின் குடியிருப்புகளில் போர்ச்சுகீசியர் பாய்ந்து பிடித்துக் கொண்டுவந்தவர்கள் அவர்கள். ஹென்றியைப் புகழ்ந்த போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர் ஸுராராவே இதை எழுதியிருக்கிறார்.

மணிமாறன்:
'ஸுராரா' அல்ல, 'ஜுராரா'. பெயரே சரியாகத் தெரியவில்லை.

செம்பரிதி:
எழுத்தைப் பிடித்துத் தப்பிக்க வேண்டாம். 235.

நெய்தல்:
இருவரும் ஆப்பிரிக்காவின் கொங்கோ அரசை மறந்துவிட்டீர்கள். 1526இல் அதன் மன்னர் அபோன்சோ, தம் குடிமக்களை, உறவினரைக்கூட, வணிகர்கள் கடத்துவதாகப் போர்ச்சுகல் மன்னருக்கு எழுதினார்.

மணிமாறன்:
அந்த அபோன்சோவும் அடிமை விற்றவர்தான். என் கூற்று நிற்கிறது.

செம்பரிதி:
அவர் ஆண்டது 16ஆம் நூற்றாண்டில். நான் கேட்பது 1444. அதற்கு மூன்று ஆண்டு முன்பே, 1441இல், போர்ச்சுகீசியக் கடலோடி அன்டாவோ கொன்சால்வெஸ் ஆப்பிரிக்கக் கரையில் ஆள்பிடித்துக் கொண்டுபோனார். பிடிப்பதில் தொடங்கியது, வாங்குவது பிறகு வந்தது. அந்த வரிசையை மாற்றிச் சொன்னால் விடமாட்டேன்.

அலைகடல்:
என்னிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

மணிமாறன்:
கோடிக்கணக்கானோரை விற்று வாங்கிய வணிகத்தை 235 பேரை வைத்து அளக்கும் உங்களோடு பேசிப் பயனில்லை.

செம்பரிதி:
நான்காம் முறை கேட்கிறேன்: அந்த 46 பேரை ஹென்றி யாரிடம் வாங்கினார்?