மண்டபத்துக்கு இரண்டாம் தவணை: அனுப்பும் முன் குளத்து மட்டத்தைப் பாருங்கள்

அனுப்பியது: வாத்தியார் மகன், கீழத்தெரு (மஸ்கட்)

சங்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

ஊர்க் கல்யாண மண்டபத்துக்கு இரண்டாம் தவணை தலைக்கு 25,000 ரூபாய் என்று செயலாளர் அண்ணாச்சி மடல் போட்டிருந்தார்கள். நான் இன்னும் அனுப்பவில்லை. நீங்களும் இப்போதைக்கு அனுப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளத்தான் எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுத் திட்டுகிறவர்கள் திட்டலாம்.

கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்த என் மதினி, குளத்து உள்வாயில், அதாவது தண்ணீர் தேங்குகிற உள்பக்கத்தில், மண்டபம் எழும்புகிற இடத்தைப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் என்னிடம் புலம்பினார்கள். சும்மா சொல்லவில்லை. கூடப் போன அவர்கள் தம்பி பாளையங்கோட்டையில் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவன். ஆட்டோ லெவல் கருவியைக் கையோடு கொண்டுபோய், குளத்து மறுகால் (நிறைந்த தண்ணீர் வழிந்து வெளியேறுகிற இடம்) தளத்தில் ஆரம்பித்து நம் மண்டபத்து பிளிந்த் பீம் (தரைமட்டத்தைத் தாங்கும் அடித்தள விட்டம்) வரை மட்டம் பிடித்துப் பார்த்திருக்கிறான். பீமின் மேல்மட்டம் மறுகால் தளத்தைவிட நாலு விரற்கடைதான் உயரம்.

இதன் அர்த்தம் விவசாயம் பார்த்த எல்லாருக்கும் தெரியும். மறுகால் தளம்தான் குளத்தின் முழுக் கொள்ளளவு மட்டம். குளம் நிறைகிற வரை மண்டபம் நனையாது. மறுகால் பாய ஆரம்பித்தால் தண்ணீர் அந்த மட்டத்துக்கு மேலே ஏறித்தான் பாயும். முழங்கால் உயரத்துக்குப் பாய்ந்தால் மாப்பிள்ளை பெண் உட்கார்கிற இடத்தைச் சுற்றியும் முழங்கால் தண்ணீர். பக்கத்து மோட்டார் ரூம் சுவரில் 2023 டிசம்பர் வெள்ளம் நின்ற கோடு இன்னும் இருக்கிறது. அதற்கு மேல் வெள்ளை அடித்தும் காவியாகத் தெரிகிறது. மதினி பக்கத்தில் நின்று எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன். கோடு அவர்கள் தோளுக்கு வருகிறது.

அந்த டிசம்பர் 17, 18ஐ யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸோடு நூற்றுக்கணக்கான ஜனம் மாட்டிக்கொண்டது. ஏரல் தீவாகக் கிடந்தது. நம் ஊர்க்காரர்கள் போன் எடுக்கவில்லை என்று இதே குழுவில் அன்று எத்தனை மடல் ஓடியது!

சரி, அனுமதி விஷயத்துக்கு வருகிறேன். "பட்டா நிலம், பஞ்சாயத்தில் பிளான் பாஸ் ஆகிவிட்டது, இனி என்ன?" என்று கூட்டத்தில் பேசியதாகக் கேள்விப்பட்டேன். பட்டா என்பது நிலம் யாருடையது என்று சொல்கிற காகிதம். அங்கே கட்டலாம் என்று அது சொல்லவில்லை. குளத்து உள்வாயில் பட்டா நிலம் இருப்பது நம் பக்கத்தில் சாதாரணம். தண்ணீர் ஏறினால் முங்கும், வடிந்தால் பயிர் வைக்கலாம் என்ற கணக்கில் காலங்காலமாக இருக்கிற வயல்கள் அவை. இப்படிப்பட்ட இடத்தில் கட்ட வேண்டுமானால் வெள்ளப் பாதிப்புக் கோணத்தில் நீர்வளத்துறையின் தடையில்லாச் சான்று வேண்டும். நாம் இன்னும் பொதுப்பணித்துறை என்றே சொல்கிறோம், 2021இலிருந்து அது தனித்துறை. நம் குளத்துக்கு ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலம்) 100 ஏக்கருக்கு மேல் என்பதால் ஊராட்சி ஒன்றியத்துக்கு இதில் வேலை இல்லை.

அவர்கள் இடத்தைப் பார்த்து, குளத்து மட்டத்தையும் வாய்க்கால் போக்கையும் வைத்து, மனையை இன்ன மட்டத்துக்கு உயர்த்து, வாய்க்காலை இந்த அகலத்துக்குக் குறையாமல் விடு, மேலே பாலம் போட்டால் இப்படிப் போடு என்று நிபந்தனை எழுதித் தருவார்கள். தர முடியாது என்றும் சொல்லலாம். அந்த மட்டம் எழுத்தில் வந்த பிறகு போட வேண்டிய பீமை நாம் முன்னாலேயே போட்டுவிட்டோம். கிழக்கே போகிற வாய்க்காலையும் இரண்டடிக் குழாய்க்குள் அடைத்து மேலே மண் தள்ளியிருக்கிறார்கள். அந்த வாய்க்கால் எங்கே போகிறது என்று கீழத்தெருக்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

இன்னொன்று, பட்டாவில் அது நஞ்சை. நஞ்சையை வேறு உபயோகத்துக்கு மாற்ற கலெக்டரின் இசைவு வேண்டும், வேளாண்துறையின் கருத்தும் கேட்பார்கள். அந்தக் கோப்பு எந்த மேசையில் இருக்கிறது? போன கூட்டத்தில் ஒரு தம்பி 2024இல் வந்த சுயசான்றுத் திட்டத்தில் ஆன்லைனில் உடனே அனுமதி வாங்கிவிடலாம் என்றானாம். அது 2,500 சதுர அடி மனைக்குள், 3,500 சதுர அடிக்குள் கட்டுகிற வீட்டுக்கு. மண்டபத்துக்கு இல்லை தம்பி.

அனுப்பியது: பழைய பொருளாளர் (துபாய்)

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முதல் தவணைக் கணக்கில் சரள் மண் 62 லோடு என்று பில் வைத்திருக்கிறார்கள். 62 லோடு கொட்டிய இடம் பக்கத்து வயலைவிட ஒரு சாண்கூட மேடாகத் தெரியவில்லையே? வாய்க்கால் குழாய்க்குத் தனியாக ஒரு பில் இருக்கிறது, அதில் தேதி இல்லை. தடையில்லாச் சான்று வாங்குவதெல்லாம் அப்புறம். முதலில் லோடு சீட்டுகளை ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து போடுங்கள். நான் பொறுப்பில் இருந்த காலத்தில் கோயில் விளக்குத் திரிக்குக்கூட ரசீது இருந்தது. என்னை ஏன் மாற்றினீர்கள் என்று இப்போது எல்லாருக்கும் புரிந்திருக்கும்.

அனுப்பியது: பெரியவீடு (சிங்கப்பூர்)

என் தகப்பனார் ஊருக்கென்று மனசாரக் கொடுத்த நிலம் அது. கொடுத்தவர் போய்ச் சேர்ந்தபின் அதில் மட்டம் பிடிக்கக் கருவி கொண்டு வருகிறீர்கள். நல்லது.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக்காரன் ஏசி மண்டபம் கட்டி மூன்று வருஷம் ஆகிறது. நம் பிள்ளைகள் கல்யாணத்துக்கு அங்கே போய் வாடகைக்குக் கேட்டு நிற்கிறோம். தேதி இல்லை என்று அவன் சொல்லும்போது முகத்தில் ஒரு சிரிப்பு வரும், பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன். 2023 போல நூறு வருஷத்துக்கு ஒரு தரம்தான் வரும். அதற்குப் பயந்தால் தாமிரபரணிக் கரையில் ஒருவனும் குடியிருக்க முடியாது.

வாத்தியார் மகனுக்கு ஒரு வார்த்தை. உங்கள் அப்பாவுக்கு அந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். மற்றதை நான் எழுதவில்லை.

அனுப்பியது: மேலத்தெரு மகள் (டொராண்டோ)

சண்டையை ஒரு நிமிஷம் நிறுத்துங்கள் அண்ணாச்சிமாரே.

அந்த வயலைக் கொஞ்ச காலம் எங்கள் ஆச்சிதான் பாட்டத்துக்குப் பார்த்தார்கள். கார் போகத்துக்கு நடுவார்கள். அடுத்த பிசானப் போகத்துக்கு அதைத் தொட்டதே கிடையாது, ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் வந்து நிற்கும். வரப்பில் உட்கார்ந்து தூண்டில் போட்டு கெளுத்தி பிடித்திருக்கிறேன், முள் குத்தி அழுதும் இருக்கிறேன். 92 நவம்பர் வெள்ளத்தில் நாங்கள் எல்லாரும் பள்ளிக்கூடத்து மாடியில் இருந்தோம். பெரியவீட்டு மாமாவின் அப்பாதான் அண்டா நிறையக் கஞ்சி காய்ச்சி அனுப்பினார்கள். தோளில் கயிற்றைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நடந்து அதைக் கொண்டு வந்தது வாத்தியார். இரண்டு வீட்டுப் பிள்ளைகளும் இப்படி எழுதுவதைப் படிக்கக் கஷ்டமாக இருக்கிறது.

நூறு வருஷத்துக்கு ஒரு தரம் என்று மாமா சொல்கிறார்கள். எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை, இரண்டு தரம் பார்த்தாயிற்று.

அனுப்பியது: வாத்தியார் மகன், கீழத்தெரு (மஸ்கட்)

பெரியவீட்டு அண்ணாச்சிக்கு: அப்பாவுக்கு வேலை வாங்கிக் கொடுத்தது உங்கள் தகப்பனார்தான். எங்கள் வீட்டில் அதை யாரும் மறைத்ததில்லை. அந்த நன்றிக்காகத்தான் அப்பா கடைசி வரை உங்கள் வீட்டுக் கணக்கைச் சம்பளம் வாங்காமல் எழுதினார். அதுவும் உங்களுக்குத் தெரியும். இதற்கு மேல் நானும் எழுதவில்லை.

நிலத்தைக் குறை சொல்லவில்லை அண்ணாச்சி. மண்டபம் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பந்தலுக்குள் மழை ஒழுக என் தங்கை கல்யாணம் நடந்தது, எனக்கும் மண்டபம் வேண்டும். அந்தப் பக்கத்து ஊர் மண்டபம் ரோட்டு மேட்டில் இருக்கிறது, அதையும் பாருங்கள். 2015இல் சென்னையில் அடையாறு ஏறியபோது பிளான் பாஸான வீடுகளுக்குள்ளும்தான் தண்ணீர் போனது.

62 லோடு பற்றிக் கேட்ட அண்ணாச்சிக்கு: கேட்க வேண்டியதுதான். ஆனால் இன்னும் 600 லோடு கொட்டி உயர்த்தினாலும் பிரச்சினை தீராது. உள்வாயில் நாம் மண் போட்டு எடுத்துக்கொண்ட இடத்தில் நிற்க வேண்டிய தண்ணீர் வேறு எங்கேயோ நிற்கும். அதனால்தான் எவ்வளவு உயர்த்தலாம், உயர்த்தவே கூடாதா என்பதைத் துறை சொல்ல வேண்டும் என்கிறேன், கொத்தனார் இல்லை.

சான்று இல்லாமல் கட்டி முடித்தால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். நிறைவுச் சான்று கேட்பார்கள், அது இல்லாமல் இவ்வளவு பெரிய மண்டபத்துக்குக் கரண்ட் இணைப்புக்கு அலைய வேண்டும். பொதுக்கட்டட உரிமத்துக்குத் தாசில்தாரிடம் போக வேண்டும். 2005இல் நீர்நிலை ஆக்கிரமிப்பு பற்றி உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகு, 2007இல் ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் தனிச் சட்டமே வந்தது. குளத்து எல்லையை அளக்கிற அன்று நம் கிழக்குச் சுவர் பட்டாவுக்குள் நிற்கிறதா, குளத்துப் புறம்போக்கில் ஓரடி நீட்டியிருக்கிறதா? யாராவது புலப்படத்தை (நில அளவை வரைபடம்) வைத்து அளந்து பார்த்தீர்களா? நீட்டியிருந்தால் நோட்டீஸ் சங்கத்தின் பெயருக்கு வரும், பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட மூன்று பேரும் தாலுகா ஆபீசில் நிற்க வேண்டும்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. சர்வேயரை வைத்து எல்லையை அளந்து கல் நட்டுவிடுங்கள். அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு) நகல், புலப்படம், பட்டா, பிளான் நாலையும் சேர்த்து நீர்வளத்துறைக்கு மனு கொடுங்கள். நஞ்சை மாற்றத்துக்குத் தனியாக. பதில் வருகிற வரை சுவர் ஏற்ற வேண்டாம். வாய்க்காலை மட்டும் இந்த ஐப்பசிக்குள் திறந்துவிடுங்கள், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. முடியாது என்று துறை சொல்லிவிட்டால் ரோட்டோரம் பழைய நெல்களம் இருக்கிறது. அது நத்தம் (குடியிருப்பு நிலம்), 92லும் நனையவில்லை. அங்கே கட்டினாலும் பெரியவீட்டுத் தாத்தா பெயரைத்தான் வைக்க வேண்டும் என்று முதல் கையெழுத்து நான் போடுகிறேன்.

செயலாளர் அண்ணாச்சி, மனு கொடுத்த ரசீதின் படத்தை இங்கே போடுங்கள். அன்றைக்கே என் 25,000 வந்துவிடும்.

அனுப்பியது: செயலாளர் (ஊரிலிருந்து)

மனு இதுவரை கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, பஞ்சாயத்திலும் சொல்லவில்லை. திங்கட்கிழமை போகிறேன். குழாயை எடுக்க ஜேசிபிக்குச் சொல்லிவிட்டேன், அந்த வாடகையை எந்தக் கணக்கில் எழுதுவது என்று சொல்லுங்கள். லோடு விஷயமாக ஒப்பந்தக்காரரிடம் பேசியிருக்கிறேன்.

அனுப்பியது: பழைய பொருளாளர் (துபாய்)

பேசினால் போதாது. சீட்டு. 62ம்.